ரோஜா வளர்க்கும் அத்தைக்குப் பல நிற ரோஜா: எந்த ரகம் கொடுக்கலாம்?

புதுக்கை

வணக்கம். எனக்குத் தோட்ட வேலை அவ்வளவாகத் தெரியாது. அடுத்த மாதம் என் அத்தைக்குப் பிறந்தநாள். அவர் தோட்டத்தில் ரோஜா நிறைய உண்டு. எல்லாம் ஒரே நிறப் பூக்கள்: சிவப்பு, வெள்ளை, வெளிர் இளஞ்சிவப்பு. ஒரே பூவில் இரண்டு மூன்று நிறம் பளிச்சென்று தெரிகிற ரோஜா ஒன்று கொடுக்க ஆசை. இணையத்தில் தேடினால் ஏழு நிறத்தோடு வானவில் ரோஜா என்று படம் வருகிறது, விதையும் விற்கிறார்கள். அதை வாங்கலாமா, இல்லை செடியாகவே வாங்க வேண்டுமா? கொடுக்கும் நாள் வரை அத்தைக்குத் தெரியக் கூடாது, அதனால் அவரிடமே கேட்க வழியில்லை.

கவாத்துக்கத்தி

அந்த விதை வேண்டாம். ஏழு நிறத்தில் பூக்கும் ரோஜாச் செடி உலகத்தில் எங்கேயும் கிடையாது. படத்தில் இருப்பது வெட்டிய வெளிர் நிற ரோஜா. காம்பை நெடுக்குவாக்கில் கீறி, ஒவ்வொரு கீற்றையும் ஒவ்வொரு சாயத் தண்ணீரில் நிற்க வைப்பார்கள். பூ தண்ணீரை உறிஞ்சும்போது சாயமும் மேலே ஏறி, இதழுக்கு இதழ் வேறு நிறம் பிடிக்கும். பீட்டர் வான் டெ வெர்க்கன் என்ற நெதர்லாந்துக்காரர் பிரபலமாக்கிய வித்தை அது. குவளையில் வைக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிறம் விதையிலும் வராது, பதியனிலும் வராது.

நீல ரோஜா விதை என்று விற்பதும் இதே கதைதான். பூவுக்கு நீலம் தரும் டெல்ஃபினிடின் என்ற நிறமி ரோஜாவில் இயற்கையாக உண்டாவதில்லை. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'அப்ளாஸ்' கூடப் பார்வைக்கு இளம் ஊதாதான்.

உண்மையான ரோஜா விதையாகவே இருந்தாலும் தாய்ச்செடியின் பூ அப்படியே கிடைக்காது. இன்றைய ரகங்கள் பல தலைமுறைக் கலப்பில் வந்தவை, விதைக்கு விதை வேறு பூ பூக்கும். பெயர் சொல்லி ஒரு ரகம் வேண்டுமென்றால் ஒட்டுச் செடி வாங்குங்கள், அல்லது தண்டு நட்டு வேர்பிடித்த செடி வாங்குங்கள். வேறு வழி இல்லை.

வெள்ளைப்பூ

எல்லாரும் ரகம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் ஒரு கேள்வி. சிவப்பு, வெள்ளை, வெளிர் இளஞ்சிவப்பு என்று மூன்றே நிறம் வைத்திருப்பவர், வேறு நிறம் கிடைக்காமலா அப்படி வைத்திருக்கிறார்? வருஷக்கணக்கில் ரோஜா வளர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு இருக்கும். என் வீட்டுக்கு மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த செடி ஒன்றை யாராவது கொண்டுவந்தால், வாங்கிக்கொண்டு சிரிப்பேன். அப்புறம் அதை எங்கே நடுவது என்று மண்டை காயும்.

வெட்டுப்பூக் கொத்தாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

தொட்டிச்செடி

வெள்ளைப்பூ சொல்வதில் பாதி சரி. ஆனால் தோட்டம் வைத்திருப்பவருக்கு வெட்டுப்பூவா? அவர் வீட்டிலேயே வெட்டிக் குவளையில் வைக்கிற அளவுக்குப் பூ இருக்குமே. புதுச் செடி வந்தால் அவருக்கு வேலை வரும், அந்த வேலைதானே அவருக்குப் பிடித்தது!

நிறம் ஒத்துவருமா என்ற பயத்துக்குத்தான் தொட்டி இருக்கிறது. தரையில் நடும் செடிக்கு நிலையான இடம் வேண்டும். தொட்டி என்றால் எங்கே கண்ணுக்குப் பிடிக்கிறதோ அங்கே நகர்த்திக்கொள்ளலாம். 'ரெயின்போஸ் எண்ட்' என்று ஒரு குட்டி ரோஜா உண்டு, 1984-இல் சாவில் என்பவர் உருவாக்கியது. மஞ்சள் இதழ், விளிம்பில் சிவப்பு. பூ முதிர முதிரச் சிவப்பு உள்நோக்கிப் பரவும். ஒரே நேரத்தில் செடியில் நாலு விதமாகப் பூ நிற்கும். வேர் அதிகம் பரவாது, சின்னத் தொட்டியே போதும்.

புதுக்கை

அக்கா, அது அழகாக இருக்கிறது! வெள்ளைப்பூ கேட்டதற்குப் பதில்: அத்தை ஒரே நிறம்தான் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. போன முறை ஒரு மலர்க் காட்சியில் கோடு கோடாக இருந்த ரோஜா ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது.

இலைப்புள்ளி

அப்படியென்றால் முதலில் எந்த வகைப் பல நிறம் என்று முடிவு செய்ய வேண்டும். ரோஜா வேறு வேறு வழியில் இரண்டு நிறம் காட்டலாம். வழியைப் பொறுத்துத்தான் அந்த நிறம் உங்கள் அத்தை வீட்டில் நிற்குமா, படத்தோடு போய்விடுமா என்பது தெரியும்.

ரோஜாவில் மஞ்சள் பெரும்பாலும் கரோட்டினாய்டு நிறமியால் வருகிறது. சிவப்பும் இளஞ்சிவப்பும் ஆந்தோசயனின். மொட்டாக இருக்கும்போதே மஞ்சள் நிரம்பியிருக்கும், பிறகு வெயிலில் வெளுத்துக்கொண்டே போகும். சில ரகங்களில் ஆந்தோசயனின் வெளிச்சம் பட்ட பிறகுதான் உருவாகும். ஒன்று குறையும்போது இன்னொன்று கூடுகிறது. நாளுக்கு நாள் நிறம் மாறும் ரோஜாக்களின் ரகசியம் இதுதான். தொட்டிச்செடி சொன்ன 'ரெயின்போஸ் எண்ட்' இந்த வகை. அதை நிழலில் வைத்தால் வெறும் மஞ்சளாகத்தான் நிற்கும், சிவப்பு ஏறாது. சீனத்திலிருந்து வந்த பழைய ரோஜாவான 'முட்டபிலிஸ்' இன்னும் ஒரு படி மேலே. மஞ்சளாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, கடைசியில் கருஞ்சிவப்பில் முடியும். ஒற்றை அடுக்கு இதழ்தான். புதர் முழுக்க மூன்று நிறமும் ஒன்றாக நிற்கும்போது வண்ணத்துப்பூச்சிக் கூட்டம் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அது பெரிய புதராக வளரும், சின்ன இடத்துக்கு ஆகாது.

இரண்டாவது வகையில் இதழின் உள்பக்கம் ஒரு நிறம், வெளிப்பக்கம் ஒரு நிறம். 1980-இல் வந்த 'லவ்' உள்ளே சிவப்பு, பின்னால் வெள்ளி வெள்ளை. இந்த நிறம் வெளிச்சத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. ஆனால் பூ முழுதாக மலர்ந்து தட்டையானால் மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரு நிறம்தான் தெரியும். பாதி விரிந்த நிலைதான் இதன் அழகு.

மூன்றாவது, கோடு விழுந்தவை. உங்கள் அத்தை பார்த்து நின்றது இதுவாக இருக்கலாம். இவற்றில் பழையது 'ரோசா முண்டி', 16-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. ஒரே நிறத்தில் பூக்கும் காலிக்கா என்ற பழைய ரோஜா வகையில் ஒரு கிளை மட்டும் தானாக மாறி, கோடு கோடாகப் பூத்ததிலிருந்து வந்தது. டியூலிப்பில் பழைய காலத்துக் கோடுகள் வைரஸால் வந்தவை. ரோஜாவில் அப்படியில்லை, செடியின் மரபணுவே நிலையில்லாமல் இருப்பதால் வருவது. அதனால் பக்கத்துச் செடிக்குத் தொற்றிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

கவாத்துக்கத்தி

இலைப்புள்ளி ஒன்றை விட்டுவிட்டார். கையால் தீட்டினது போன்றவை. வட அயர்லாந்தைச் சேர்ந்த நான்காம் சாம் மெக்ரெடி 1971-இல் 'பிக்காசோ' என்று ஒன்று வெளியிட்டார். இதழில் தூரிகையால் இழுத்துவிட்ட மாதிரி திட்டுத் திட்டாக நிறம் இருக்கும். அதிலிருந்து ஒரு பரம்பரையே வந்தது. இந்த வகையில் பூவுக்குப் பூ, பருவத்துக்குப் பருவம் திட்டு மாறும். இன்றைக்குக் கடையில் கிடைப்பது கடினம், அதனால் மேலே போகிறேன்.

'ரோசா முண்டி' வருஷத்தில் ஒரே ஒரு பருவம்தான் பூக்கும். பரிசாகக் கொடுத்துவிட்டு அடுத்த பூவுக்கு ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்ல முடியாது. கோடுதான் வேண்டுமென்றால் டாம் கருத் உருவாக்கிய 'சென்டிமென்ட்டல்' பாருங்கள். அடர்சிவப்பும் வெண்ணெய் வெள்ளையும் சுழித்துக்கொண்டிருக்கும். ஒரு பூவைப் போல இன்னொன்று இருக்காது. வாசனையும் உண்டு, திரும்பத் திரும்பப் பூக்கும்.

ஆனால் என் ஓட்டு 'டபுள் டிலைட்'டுக்குத்தான். 1977-இல் வந்தது, 1985-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு தன் புகழ்ப் பட்டியலில் சேர்த்தது. வெண்ணெய் நிற நடு, விளிம்பில் ஸ்ட்ராபெரிப் பழச் சிவப்பு. வெயில் படப் படச் சிவப்பு உள்ளே இறங்கும். அதைவிட முக்கியம், மூக்கை வைத்தால் எடுக்க மனம் வராது. பல நிற ரோஜாக்களில் பாதிக்கு மேல் வாசனையே இல்லாதவை என்பது என் நெடுநாள் வருத்தம்.

வெள்ளைப்பூ

'டபுள் டிலைட்'டுக்குச் சாம்பல் நோய் வருமே. குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இலை முழுக்க மாவு தூவினது மாதிரி ஆகிவிடும். பரிசாகக் கொடுத்த செடி நோயோடு நின்றால் கொடுத்தவருக்குத்தான் சங்கடம்.

பளிச்சென்ற நிறமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'பீஸ்' கொடுங்கள் என்கிறேன். இளமஞ்சள், விளிம்பில் லேசான இளஞ்சிவப்பு. இரண்டு நிறமும் இருக்கிறது, கண்ணைக் குத்தாது. பிரான்சிஸ் மெய்லான் உருவாக்கியது. 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஐக்கிய நாடுகள் சபையை அமைக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடியிருந்த பிரதிநிதிகளுக்கு ஆளுக்கொரு பூ கொடுத்தார்கள். அதே பூவுக்குப் பிரான்சில் தன் தாயின் பெயரை வைத்தார் மெய்லான். ஜெர்மனியில் வேறு பெயர், இத்தாலியில் வேறு பெயர். ரோஜா வளர்ப்பவருக்கு இந்தக் கதையோடு கொடுத்தால் பரிசுக்குத் தனி மதிப்பு.

தொட்டிச்செடி

கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் புதுக்கை கேட்டது பளிச்சென்ற நிறம். வெயில் கடுமையான நாட்களில் 'பீஸ்' கிட்டத்தட்ட வெளுத்துப்போன வெண்ணெய் நிறம்தான். அதே பரம்பரையில் அடர் நிறம் வேண்டுமென்றால் 'சிகாகோ பீஸ்' இருக்கிறது. 'பீஸ்' செடியில் தானாக மாறின கிளையிலிருந்து 1962-இல் வந்தது. இளஞ்சிவப்பு, அடியில் செம்பும் மஞ்சளும்.

வெள்ளைப்பூ

அதையும் ஏற்றுக்கொள்கிறேன். 'மாஸ்க்கரேட்' மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

தொட்டிச்செடி

ஏன், அதற்கென்ன? 1949-லிருந்து மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு என்று மாறிக்கொண்டு ஜோராக நிற்கிறதே. வாடின பூவைக் கிள்ளாமல் விட்டால் காய் பிடித்து, பூப்பதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வெள்ளைப்பூ

வாடும்போது அந்தச் சிவப்பு அழுக்காகத் தெரியும். அதுவும் கொத்துக் கொத்தாக.

இலைப்புள்ளி

ரசனைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். புதுக்கை, அத்தை வீட்டைப் பற்றிச் சில விஷயம் தெரிந்தால் பாதி ரகம் தானாகக் கழிந்துவிடும். செடி வைக்கக் காலி இடம் எங்கே இருக்கிறது? அங்கே எத்தனை மணி நேரம் நேர் வெயில் படும்? ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் பல நிற ரோஜா மங்கிவிடும், பூவும் குறையும். இப்போது இருக்கும் செடிகளின் கீழ் இலைகளில் கருப்புப் புள்ளி இருக்கிறதா? பூவை அவர் என்ன செய்கிறார்: பறித்து உள்ளே வைக்கிறாரா, செடியிலேயே விட்டுப் பார்க்கிறாரா?

புள்ளியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ரோஜாவுக்குப் பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் பாரசீகப் பக்கத்து 'ரோசா ஃபோட்டிடா'விலிருந்து வந்தவை. பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் பெர்னே-டூஷே அதைக் கலந்து 1900-இல் 'சொலெய் டோர்' ரகத்தை வெளியிட்டார். நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு இடம்கொடுக்கும் குணமும் சந்ததிக்கு இறங்கிவிட்டது. அதனால் மஞ்சளும் சிவப்பும் கலந்த பழைய ரகங்கள் பலவற்றுக்குக் கரும்புள்ளி சீக்கிரம் வரும். சமீபத்திய ரகங்கள் எவ்வளவோ பரவாயில்லை. இலை ஏழு மணி நேரம் போல ஈரமாகவே இருந்தால்தான் அந்தப் பூஞ்சை உள்ளே நுழையும். மாலையில் மேலிருந்து தண்ணீர் ஊற்றும் பழக்கம் அத்தைக்கு இருந்தால் மஞ்சள் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

புதுக்கை

நேற்று அத்தை வீட்டுக்குப் போய்ச் சும்மா பேச்சுக்கொடுத்துவிட்டு எல்லாம் பார்த்தேன். காலையிலிருந்து மதியம் தாண்டும் வரை வெயில் படுகிற இடம் மதில் ஓரத்தில் ஒன்று காலியாக இருக்கிறது. ரோஜாவுக்கு முன்னால் போனாலே குனிந்து முகர்ந்து பார்க்கிறார், பறிப்பதே இல்லை. ஈரம் மண்ணில் மட்டும் படும்படிதான் தண்ணீர் விடுகிறார். இலைகளில் புள்ளி இல்லை, மாவு மாதிரியும் எதுவும் இல்லை.

கவாத்துக்கத்தி

முகர்ந்து பார்க்கிறவர் என்றால் எனக்கு வேறு யோசனையே இல்லை. 'டபுள் டிலைட்', கிடைக்காவிட்டால் 'சென்டிமென்ட்டல்'. 'லவ்'வும் 'ரெயின்போஸ் எண்ட்'டும் கண்ணுக்கு மட்டும்தான். வெள்ளைப்பூ பயப்படும் சாம்பல் நோய் அந்த வீட்டில் இப்போது இல்லை என்பதும் நல்ல சகுனம். காற்று வாங்குகிற மாதிரி மதிலை விட்டுத் தள்ளி நட்டால் போதும்.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல நிறச் செடிகள் இரண்டை ஒட்டி ஒட்டி வைத்தால் எதுவும் எடுபடாது. வெள்ளைக்குப் பக்கத்தில் 'டபுள் டிலைட்' பிரமாதமாக இருக்கும். அத்தையிடம் ஏற்கெனவே வெள்ளை இருக்கிறது. இந்த இடத்தில் வெள்ளைப்பூவும் என்னை ஆதரிப்பார்.

வெள்ளைப்பூ

ஆதரிக்கிறேன், வேறு வழி?

புதுக்கை

நாற்றுப்பண்ணைக்குப் போனேன். ஒரு வரிசையில் 'டபுள் டிலைட்' அட்டை தொங்குகிறது, ஆனால் ஒரு செடியில் பூ முழுச் சிவப்பாக இருக்கிறது, பக்கத்துச் செடியில் கிட்டத்தட்ட வெள்ளை. இன்னொரு வரிசையில் 'மல்டி கலர்' என்று மட்டும் எழுதியிருக்கிறது, பூ ரொம்ப அழகாக இருந்தது. எதை எடுப்பது?

இலைப்புள்ளி

பெயர் இல்லாததைச் சொந்தத்துக்கு வாங்கலாம், ரோஜா வளர்ப்பவருக்குக் கொடுக்க வேண்டாம். ரகத்தின் பெயர் தெரிந்தால்தான் எவ்வளவு உயரம் போகும், எப்படிக் கவாத்து செய்வது என்று அவர் தேடிப் படிக்க முடியும்.

அந்த இரண்டு செடியும் ஒரே ரகமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்றில் பழைய பூ, இன்னொன்றில் இப்போதுதான் திறக்கிற பூ, அல்லது நிழல் வலைக்கு அடியில் இருந்தது. பாதி விரிந்த பூவைத் தேடுங்கள். நடுவில் வெண்ணெய் நிறம், வெளி இதழ்களின் விளிம்பில் சிவப்பு இருந்தால் சரி. ஒரு பூவை வைத்து முடிவு செய்யாமல் செடியில் வேறு வேறு வயதுப் பூக்களைப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், வாசனையே இல்லையென்றால் அட்டை மாறியிருக்கிறது.

கவாத்துக்கத்தி

பூவைப் பார்த்த அதே கண்ணோடு அடித்தண்டையும் பாருங்கள். ஒட்டு கட்டின இடம் புடைத்துத் தெரியும். அதற்குக் கீழேயிருந்து தளிர் எதுவும் கிளம்பியிருக்கக் கூடாது. அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடியின் தளிர். விட்டால் மேலே உள்ள நல்ல ரகத்தை அமுக்கிவிட்டு அதுவே வளரும். "வாங்கும்போது இரண்டு நிறம், ஒரு வருஷத்தில் ஒரே நிறமாகிவிட்டது" என்று புலம்புபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். வேர்ச்செடி 'டாக்டர் ஹியூ' என்றால் கருஞ்சிவப்புப் பூவாக வரும், மல்டிஃப்ளோரா என்றால் குட்டிக் குட்டி வெள்ளையாக வரும். நிறம் மாறவில்லை, செடியே மாறிவிட்டது. அத்தைக்கு இது தெரிந்திருக்கும், வாங்குகிற உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், பூ நிறைய இருக்கிற செடியை விட மொட்டு நிறைய இருக்கிற செடி மேல். தடித்த தண்டு குறைந்தது மூன்று இருக்கட்டும். தொட்டியின் அடி ஓட்டை வழியாக வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் ரொம்ப நாள் அதிலேயே கிடந்தது என்று அர்த்தம், வேறு எடுங்கள்.

தொட்டிச்செடி

வாங்கிய கையோடு அழகான தொட்டிக்கு மாற்றலாம் என்று தோன்றும். வேண்டாம். கொடுப்பதற்கு முதல் நாள் வேரைக் கலைத்தால் பிறந்தநாள் அன்று செடி தலை தொங்கி நிற்கும். பண்ணைத் தொட்டியோடேயே ஒரு பெரிய தொட்டிக்குள் இறக்கி வைத்துக் கொடுங்கள். மேலே பிளாஸ்டிக் தாள் சுற்ற வேண்டாம், உள்ளே வியர்த்து இலை கெட்டுவிடும். கூடவே உரப் பொட்டலம் எல்லாம் வாங்கிச் சேர்க்காதீர்கள். அவரவர் உரம் அவரவர் ரகசியம்!

புதுக்கை

எடுத்துவிட்டேன். மூன்று தண்டு, ஐந்து மொட்டு, ஒன்று பாதி விரிந்தது. வாசனை தூக்குகிறது. இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரை என் வீட்டு ஜன்னல் ஓரத்தில் வைக்கலாமா?

இலைப்புள்ளி

ஜன்னல் ஓரம் வேண்டாம், வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. மொட்டு வெளுப்பாக விரியும், அத்தைக்கு வெள்ளை ரோஜா கொடுத்த கதையாகிவிடும். வெளியே நேர் வெயில் படும் இடத்தில் வையுங்கள். மண்ணின் மேல் பகுதி காய்ந்ததும் தண்ணீர்.

கவாத்துக்கத்தி

இப்போது விரிந்திருக்கும் பூ அதுவரை தாங்காது. வாடியதும் ஐந்து சிற்றிலை உள்ள இலைக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். மற்ற மொட்டுகளில் ஒன்றிரண்டாவது அந்த நாளுக்குச் சரியாக வரும். அட்டையைக் கழற்றாதீர்கள்.

தொட்டிச்செடி

காரில் கொண்டுபோகும்போது தொட்டியை இருக்கைக்கு முன்னால் தரையில் வைத்து இரண்டு பக்கமும் துணி அண்டக் கொடுங்கள். ஜன்னலை முழுக்கத் திறந்து ஓட்டினால் காற்று மொட்டையே முறித்துவிடும்.